நாப்பி மாற்ற மறுக்கும் பிள்ளையும் பெரியவரின் நிதானமும்

கைக்குழந்தைப் பருவத்தில் நாப்பி மாற்றுவது பெரும்பாலான வீடுகளில் அமைதியாக முடிந்துவிடும் வேலை. குழந்தை படுத்திருக்கும், தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஏறத்தாழ 9 அல்லது 10 மாதமாகும்போது நிலைமை மாறுகிறது. படுக்க வைத்தவுடன் பிள்ளை புரளும், முதுகை வளைத்து எழும்பும், தவழ்ந்து விலகும். 15 மாதத்தில் புதிய நாப்பியைக் கண்டதும் சோபாவின் பின்னால் ஓடி ஒளியும். இரண்டு வயதை நெருங்கும்போது "வேணாம்" என்ற சொல்லும் உதையும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாளுக்கு 6 முறை என்று கணக்கிட்டால் ஓராண்டில் 2,190 முறை இந்த வேலை நடைபெறுகிறது. அதில் பாதியாவது மல்யுத்தமாக முடியும் வீட்டில் தாய், தந்தை, பாட்டி என எல்லோருடைய பொறுமையும் தேய்ந்துபோவதில் வியப்பில்லை. இப்பாடத்தில் நாப்பியைப் பற்றிச் சொல்லப்படுவது சிறிதளவே. பெரும்பகுதி பெரியவரின் கோபத்தைப் பற்றியது.

பிள்ளை ஏன் மறுக்கிறது

ஊரில் வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சிக்கல் புதியது. அங்கே நடக்கத் தொடங்கிய பிள்ளை பகலில் பெரும்பாலும் அரையில் துணியின்றியே முற்றத்தில் விளையாடியது. மலம் கழிக்கும் நேரத்தைப் பாட்டி அறிந்திருந்தார். கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின் மேல் பிள்ளையை இருத்தினார். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கி, ஒட்டுப்பட்டி ஒட்டும் தேவை அவ்வளவாக எழவில்லை. விக்டோரியாவின் குளிர்காலத்தில், கம்பளம் விரித்த வாடகை வீட்டில், அந்த வழக்கத்தை அப்படியே தொடர இயலாது. ஆகவே "நாங்கள் ஆறு பிள்ளைகள் வளர்த்தோம், இப்படி ஒரு சண்டை கண்டதில்லை" என்று பாட்டி சொன்னால் அது பெரும்பாலும் உண்மையே. மருமகளின் திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நடக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மல்லாக்கப் படுப்பது ஒரு பின்னடைவு. நின்றபடி பார்த்த உலகம் மறைந்து கூரை மட்டும் தெரிகிறது. அடுக்கிக்கொண்டிருந்த கட்டைகள் பாதியில் நிற்கின்றன. ஈரத் துடைப்பான் குளிர்கிறது. தோல் சிவந்திருந்தால் எரிகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, "இது என் உடல், இதில் நடப்பதை நானும் தீர்மானிக்கலாம்" என்ற எண்ணம் அந்த வயதில்தான் முளைக்கிறது. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 18 மாதம் முதல் 3 வயது வரையான பருவத்தின் முதன்மையான போராட்டத்தைத் தன்னாட்சிக்கும் வெட்கத்துக்கும் இடையிலான போராட்டம் என்று விவரித்தார். பிள்ளை ஓடி ஒளிவது அடங்காமையின் அறிகுறி என்று கொள்வதைவிட வளர்ச்சியின் அறிகுறி என்று கொள்வது பொருத்தமானது. தன் ஆசையை அடக்கிக்கொண்டு பொறுத்திருக்கும் ஆற்றல் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆற்றலை 15 மாதப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பவர், இல்லாத கடன்காரரிடம் வட்டி கேட்பவர் போன்றவர்.

பெற்றோர் இதை அறிந்துகொள்வதால் பிள்ளை உடனே அமைதியாகிவிடாது. ஆயினும் "என்னை வேண்டுமென்றே சீண்டுகிறது" என்ற எண்ணம் மனத்திலிருந்து அகன்றால், கோபத்துக்குரிய எரிபொருளில் பாதி அகன்றுவிடும்.

புடாபெஸ்ட் இல்லத்தின் முறை

குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946ஆம் ஆண்டில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், லோட்சி என்ற வீதியில், குடும்பத்தோடு வாழ இயலாத குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை நிறுவினார். ஒரு பராமரிப்பாளர் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டிய இடம் அது. வரிசையாகப் படுக்க வைத்து விரைவாக மாற்றி முடிப்பதே அங்கு எளிய வழியாக இருந்திருக்கும். பிக்லர் அதற்கு நேர்மாறான முறையை வகுத்தார். நாப்பி மாற்றுதல், குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் ஆகியவை பெரியவரின் முழுக்கவனமும் ஒரு குழந்தைக்கு மட்டும் கிடைக்கும் நேரங்கள் என்று அவர் கருதினார். பராமரிப்பாளர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதைக் குழந்தையிடம் முதலில் சொல்வார். எடுக்கப்போகும் பொருளைக் காட்டுவார். குழந்தை பார்வையாலோ அசைவாலோ பதில் தரும்வரை சற்றுக் காத்திருப்பார். அதன் பின்னரே கை உடலில் படும். பேச்சு வராத குழந்தையிடமும் இதே ஒழுங்கே பின்பற்றப்பட்டது. நாளடைவில் குழந்தைகள் கையை நீட்டிச் சட்டைக்கும், இடுப்பை உயர்த்தி நாப்பிக்கும் தாமாகவே ஒத்துழைத்தார்கள்.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடும் பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் இவ்வளவு நிதானம் வாய்க்காது. ஒரு நாளுக்கு இரு முறையாவது, உதாரணமாகக் காலையில் எழுந்தவுடனும் இரவு உறங்கும் முன்பும், இம்முறையைப் பின்பற்றினால் போதுமானது. மற்ற வேளைகளில் அதன் பயன் தானாகவே தொடரும்.

மாற்றுவதற்கு முன்

நாப்பி, துடைப்பான், களிம்பு, மாற்றுடை, பை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பின்னரே பிள்ளையை அழைக்க வேண்டும். புரளத் தெரிந்த பிள்ளைக்கு மிகவும் பாதுகாப்பான இடம் தரைதான். நாப்பி மாற்றும் மேசையிலிருந்தோ கட்டிலிலிருந்தோ விழுவதற்கு ஒரு கணம் போதும். தரையில் விரித்த பாயிலிருந்து விழ இடமில்லை. மேசையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நிலையில், ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும். தொலைபேசி ஒலித்தாலும், கதவு தட்டப்பட்டாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டே செல்ல வேண்டும். குளிர்காலத்தில் அறையைச் சிறிது சூடாக்குவதும், துடைப்பானை உள்ளங்கையில் சில நொடிகள் வைத்திருந்து பயன்படுத்துவதும் அற்பமாகத் தோன்றலாம். அழுகையைப் பாதியாகக் குறைப்பவை பெரும்பாலும் இத்தகைய அற்பங்களே.

விளையாட்டின் நடுவில் பின்னாலிருந்து வந்து அள்ளிச் செல்வது கூடாது. வளர்ந்த ஒருவரையும் அவ்வாறு யாரும் அழைத்துச் செல்வதில்லை. பிள்ளையின் அருகில் குனிந்து, "இந்தக் கட்டையை அடுக்கி முடிச்சதும் நாப்பி மாத்துவோம், ராசா" என்று சொல்லி, அது அடுக்கும்வரை இருக்க வேண்டும். பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே பிள்ளைகளுக்குச் சொற்கள் விளங்கத் தொடங்கிவிடுகின்றன. பிறகு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யக் கேட்கலாம்: நடந்து வருவதா, தூக்கி வருவதா? இந்த நாப்பியா, அந்த நாப்பியா? "மாற்றுவோமா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. "வேணாம்" என்ற பதிலை ஏற்க முடியாத இடத்தில் அப்படிக் கேட்பது நேர்மையாகாது. பிள்ளை அந்த நேர்மையின்மையை விரைவில் கண்டுகொள்ளும்.

சிறுநீர் மட்டும் கழித்திருந்தால் நின்றபடியே மாற்றலாம். பிள்ளை சோபாவையோ பெரியவரின் தோளையோ பிடித்துக்கொண்டு நிற்கும். காற்சட்டை போல மேலிழுத்து அணிவிக்கும் நாப்பி இதற்கு வசதியானது. மலம் கழித்திருந்தால் படுக்க வைத்தே துடைக்க வேண்டும். அப்போது கணுக்கால்களைப் பிடித்து உயரத் தூக்குவதைவிட ஒரு பக்கமாகச் சாய்ப்பது மென்மையான வழி. பெண் பிள்ளையை முன்னிருந்து பின்னோக்கித் துடைக்க வேண்டும். ஆண் பிள்ளையின் முன்தோலைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. முகப்பவுடர் தூவும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. அதன் நுண்துகள்கள் மூச்சோடு நுரையீரலுக்குள் செல்லக்கூடும் என்பதால் அதைக் கைவிடுவதே நல்லது. சிவந்த தோலுக்குத் துத்தநாக ஒக்சைட்டு அடங்கிய களிம்பு போதும். பவுடர் டப்பாவைக் கையில் எடுக்கும் பாட்டியிடம் இதைச் சொல்வது பல மருமக்களுக்கு நாப்பி மாற்றுவதைவிடக் கடினமான வேலை. தாதி சொன்னதாகச் சொன்னால் சற்று எளிதாகலாம். தாதியரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சொற்கள்

நாப்பியைத் திறந்தவுடன் மூக்கைச் சுருக்கி "சீச்சீ, நாறுது" என்று சொல்வது அன்பான வீடுகளிலும் கேட்கும் சொல். அம்மணமாக ஓடும் பிள்ளையைப் பார்த்து "சேம், சேம்" என்று சிரிப்பதும் அவ்வாறே. சொல்பவர் விளையாட்டாகவே சொல்கிறார். கேட்கும் பிள்ளையோ, தன்னிடமிருந்து வருவதும் தன் உடலின் அந்தப் பகுதியும் அருவருப்பானவை என்று கற்றுக்கொள்கிறது. பின்னர் மலம் கழித்ததை மறைக்கத் திரைச்சீலையின் பின்னால் போய் நிற்கிறது. "கக்கா போயிட்டாய், துடைச்சால் சுகமாய் இருக்கும்" என்ற நடுநிலையான சொல் போதுமானது. "பூச்சாண்டி வருவான்", "டொக்டர் ஊசி போடுவார்", "பொலிஸ் பிடிக்கும்" என்ற அச்சுறுத்தல்கள் அந்த நிமிடத்தில் பலன் தரலாம். அடுத்த மாதம் தடுப்பூசிக்குச் செல்லும்போது அதன் விலையைப் பெற்றோர் செலுத்த நேரிடும்.

கைத்தொலைபேசியில் படம் காட்டி மாற்றுவது இன்று பரவலான வழி. 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரை வேண்டாம் என்பது ஆஸ்திரேலிய அரசின் வழிகாட்டல். விமான நிலையத்தில், நீண்ட வரிசையில், ஒரு முறை காட்டியதற்காக எவரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அதுவே தினசரி வழியானால் முகம் பார்த்துப் பேசும் நேரம் கைவிட்டுப் போகிறது. பாட்டு, விரல் எண்ணுதல், "மூக்கு எங்கே?" என்ற விளையாட்டு ஆகியவை அதே வேலையைச் செய்யும். தாய்மொழியில் உடலுறுப்புகளின் பெயர்களைக் கற்பிக்க இதைவிட ஏற்ற வேளை கிடைப்பது அரிது.

கோபம் ஏறும்போது

எல்லாவற்றையும் முறையாகச் செய்த பின்னரும் பிள்ளை அலறும் நாள்கள் உண்டு. இரவு வேலை முடித்து வந்த தந்தை; மூன்று நாள்களாக உறங்காத தாய்; அடுப்பில் கொதிக்கும் பால்; உதையில் பாயெங்கும் மலம். அந்தக் கணத்தில் கைகள் இறுகுவதை, பற்கள் நெருங்குவதை, குரல் உயர்வதைப் பெரியவர் தாமே கவனிக்கப் பழக வேண்டும். உடல் தரும் இந்த எச்சரிக்கை சொல்லுக்கும் அடிக்கும் முன்னரே வருகிறது.

அப்போது செய்ய வேண்டியது நிறுத்துவது. அடுப்பை அணைத்து, பிள்ளையைப் பாதுகாப்பான தொட்டிலிலோ வேலியிட்ட இடத்திலோ விட்டு, அடுத்த அறைக்குச் சென்று சில நிமிடங்கள் நிற்கலாம். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு தணியும். அழும் பிள்ளையை ஐந்து நிமிடம் அழ விடுவது அன்பற்ற செயல் அல்ல. ஈர நாப்பியோடு சில நிமிடங்கள் இருப்பதாலோ, தொட்டில் விரிப்பு அழுக்காவதாலோ பிள்ளைக்குக் கேடில்லை. இறுகிய கைகளோடு தொடர்வதால் கேடு உண்டு. எக்காரணத்துக்காகவும் பிள்ளையைக் குலுக்கக் கூடாது. சில நொடிக் குலுக்கலே மூளையில் இரத்தக்கசிவை ஏற்படுத்தி நிரந்தர ஊனத்துக்கோ மரணத்துக்கோ இட்டுச்செல்லும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால், "நீ எடு" என்ற ஒரு சொல்லில் வேலை கைமாற வேண்டும். எடுப்பவர் அப்போது அறிவுரை கூறக் கூடாது.

காத்திருக்க இயலாத வேளைகளும் உண்டு: மலம், புண்பட்ட தோல், புறப்பட வேண்டிய நேரம். அப்போது பிள்ளை மறுத்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். "உனக்குப் பிடிக்கேல்லை, எனக்குத் தெரியும். இப்ப மாத்தத்தான் வேணும், கெதியா முடிப்பன்" என்று சொல்லி, உறுதியாக ஆனால் அழுத்தமின்றிப் பிடித்து, விரைவாக முடித்து, உடனே தூக்கி அணைக்க வேண்டும். பிள்ளையின் மறுப்பைக் கேட்டுக்கொள்வதும் அதற்கு இணங்குவதும் வெவ்வேறு.

சட்டத்தைப் பற்றிய அச்சம்

தமிழ்ப் பெற்றோர் பலர் உதவி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் ஓர் அச்சம்: "கோபம் வருகிறது என்று தாதியிடம் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள்." இது வீட்டுக்கு வீடு பேசப்படுவதால் இங்கு தெளிவாகச் சொல்லப்பட வேண்டியது.

விக்டோரியாவின் 2005ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் மற்றும் குடும்பச் சட்டத்தின்படி, தாதியர், வைத்தியர், ஆசிரியர் உள்ளிட்ட சில தொழிலினர் கட்டாயமாக முறையிட வேண்டியவர்கள் என்பது உண்மை. அக்கடமை எழுவது, உடற்காயத்தாலோ பாலியல் துன்புறுத்தலாலோ பிள்ளைக்குக் கணிசமான தீங்கு நேர்ந்துள்ளது அல்லது நேரக்கூடும் என்றும், பெற்றோர் அதிலிருந்து பாதுகாக்கவில்லை அல்லது பாதுகாக்கமாட்டார்கள் என்றும் நியாயமான காரணங்களோடு நம்பும்போது. "நாப்பி மாற்றும்போது கத்திவிடுகிறேன், எனக்கு உதவி வேண்டும்" என்று கேட்பது தன்னளவில் அந்த வரம்பை எட்டுவதில்லை. தீங்கு நேரும் முன்பே உதவி தேடும் பெற்றோர், பிள்ளையைப் பாதுகாக்கும் பெற்றோர்.

அடிப்பதைப் பற்றியும் குழப்பம் உண்டு. விக்டோரியாவில் பெற்றோரின் "நியாயமான திருத்தம்" என்ற பழைய பொதுச்சட்டத் தற்காப்பு இன்னும் நீக்கப்படவில்லை. அதை அனுமதிச் சீட்டாகப் படிப்பவர் தவறாகப் படிக்கிறார். 1955ஆம் ஆண்டின் டெர்ரி வழக்கில், தண்டனை மிதமானதாகவும் பிள்ளையின் வயது, உடல்வாகு, மனவளர்ச்சி ஆகியவற்றுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்று விக்டோரிய நீதிமன்றம் கூறியது. எதற்காக அடி விழுந்தது என்றே புரியாத 15 மாதப் பிள்ளையின் வயதுக்கு ஏற்ற அடி எதுவென்று கண்டறிவது அரிது. சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் எவ்வித உடல் தண்டனையும் குற்றம். கல்வி மற்றும் பராமரிப்புச் சேவைகளுக்கான தேசியச் சட்டத்தின் 166ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது.

எப்போது வைத்தியரைக் காண வேண்டும்

நேற்றுவரை ஒத்துழைத்த பிள்ளை இன்று திடீரென அலறினால் முதலில் தோலைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் களிம்பு பூசியும் ஆறாத சிவப்பு, மடிப்புகளுக்குள் பரவும் கடும் சிவப்பு, அதைச் சுற்றிய சிறு புள்ளிகள் ஆகியவை பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும். காய்ச்சலோடு சிறுநீர் கழிக்கும்போது அழுதால், மலம் கட்டியாகவும் வலியோடும் போனால், காலையோ இடுப்பையோ அசைக்கும்போது அழுதால், காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். 2 வயதுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் உலர்ந்திருப்பதும், ஈரமானதைத் தானே வந்து சொல்வதும் மறுப்போடு சேர்ந்து தோன்றினால், பிள்ளை கழிப்பறைப் பழக்கத்துக்கு ஆயத்தமாகிறது எனலாம்.

உதவி பெறும் வழிகள்

விக்டோரியாவில் குழந்தை பிறந்தவுடன் அச்செய்தி உள்ளூர் நகரசபைக்கு அறிவிக்கப்படுகிறது. தாய் சேய் நலத் தாதி பெற்றோரைத் தொடர்புகொள்வது அதன் அடிப்படையில்தான். பிறப்பு முதல் மூன்றரை வயது வரை 10 சந்திப்புகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 8ஆம் மாதச் சந்திப்புவரை தவறாது செல்லும் குடும்பங்கள் 12, 18 மாதச் சந்திப்புகளைத் தவிர்ப்பது இரங்கத்தக்கது. இப்பாடத்தில் சொல்லப்பட்ட சிக்கல் உச்சத்தில் இருக்கும் காலம் அதுவே.

தாய் சேய் நலத் தொலைபேசிச் சேவை 13 22 29 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இயங்குகிறது. மறுமுனையில் பேசுபவர் ஒரு தாதி. பெற்றோர் ஆலோசனைச் சேவை 13 22 89 என்ற எண்ணில் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை கிடைக்கும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்து, "தமிழ்" என்று மொழியைச் சொல்லி, மேற்கண்ட எண்ணோடு இணைக்கக் கேட்கலாம். அங்கே உரைபெயர்ப்பவர் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்ற தொழில்நெறிக்குக் கட்டுப்பட்டவர். உறவினரையோ அயலவரையோ உரைபெயர்க்க அழைப்பதைவிட இதுவே மேல். உயிராபத்து நேரின் 000.

பிள்ளை பராமரிப்பு நிலையத்துக்குச் செல்வதாயின், வீட்டில் பயன்படுத்தும் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி அங்கே கொடுக்கலாம்: சூ, கக்கா, ஈரம், துடைப்போம், முடிஞ்சுது. ஐந்து சொற்கள் போதும். பிள்ளைக்குப் பழகிய சொல்லைச் சொல்லிக்கொண்டு வரும் கை அந்நியக் கையாகத் தோன்றுவதில்லை.